எழுபதுகளில் கொழும்பு: றேடியோவில் பாட்டு, புல்லர்ஸ் வீதியில் வழக்கு

வெள்ளவத்தை வாசன் (இழையைத் தொடங்கியவர்)

அப்பாவின் தகரப் பெட்டியில் ஒரு சீ.ஆர். கொப்பி கிடைத்தது. எழுபதுகளில் அவர் கோட்டையில் எழுதுவினைஞர். இலங்கை வானொலி வர்த்தக சேவையில் தனக்குப் பிடித்த பாட்டு போனால் திகதி போட்டு முதல் வரியைக் குறித்து வைப்பது அவர் பழக்கம். ஓரத்தில் வீட்டுக் கணக்கு: கூப்பன் அரிசி, சீனி, சங்கக்கடைக்குக் கொடுத்த காசு. பக்கம் பக்கமாக இதுதான்.

1974 டிசெம்பர் 20இல் மட்டும் இரண்டு பாட்டுகளுக்கு நடுவே ஒரு வரி: "குயின்ஸ் கிளப் வழக்கு முடிந்தது. விஜேவீரவுக்கு ஆயுள்." அடுத்த வரியிலேயே ஒரு பொப் பாட்டு.

அப்பா அரசியல் பேசுகிற ஆளில்லை. அந்த ஒரு வரியை ஏன் எழுதினார் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஒரு நாட்டின் நீதிமுறையே தலைகீழாகப் புரண்டுகொண்டிருந்தபோது கொழும்புத் தமிழர் என்ன கேட்டுக்கொண்டிருந்தோம்? எனக்கென்னவோ நாங்கள் பாட்டைத்தான் கேட்டோம் என்று தோன்றுகிறது. அந்தக் காலத்து ஆட்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

---

புதுக்கடை ஐயா

தம்பி, நான் அப்போது கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு பிரக்டரிடம் (வழக்கறிஞர்) தட்டச்சு வேலை பார்த்தேன். வயது 22. அதனால் கொஞ்சம் சொல்லலாம்.

1971 ஏப்ரல் 5 இரவு விஜேவீரவின் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சி. அதற்கு முன்பே மார்ச்சில் அவசரகாலச் சட்டம் வந்துவிட்டது, 1977 பெப்ரவரி வரைக்கும் அது போகவில்லை. ஆறு வருடம்! பிடிபட்ட சிங்களப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில். சாதாரண நீதிமன்றத்தில் சாதாரண சாட்சியச் சட்டத்தின்படி வழக்கு நடத்தினால் பாதிக்கு மேல் நிற்காது என்று அரசுக்குத் தெரியும். ஏனென்றால் எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் பொலிஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அப்படித்தான். அடித்து வாங்குவார்கள் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது.

அதற்குத்தான் 1972இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம். ஜூரி இல்லை. மேன்முறையீடு இல்லை. பொலிஸிடம் சொன்னது சாட்சியாகும். பிரதம நீதியரசர் எச்.என்.ஜி. பெர்னாண்டோ தலைமையில் ஐந்து நீதிபதிகள், அவர்களில் இரண்டு பேர் தமிழர். முக்கிய வழக்கில் 41 பேர். புல்லர்ஸ் வீதி குயின்ஸ் கிளப்பில் விசாரணை. ஆடிப்பாடுகிற இடத்தை நீதிமன்றமாக்கிவிட்டார்கள் என்று எங்கள் கந்தோரில் பகிடி.

எங்கள் பிரக்டர் பகிடிக்குச் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "கதவு திறந்தாச்சு, இனி ஆர் வந்தாலும் இதால்தான் போவினம்" என்றார். எனக்கு அப்போது விளங்கவில்லை.

---

பம்பலப்பிட்டிப் பொடியன்

ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். அந்த வழக்கைப் பற்றி நாங்கள் ஏன் கவலைப்பட்டிருக்க வேண்டும்? ஜே.வி.பி.யின் ஐந்து வகுப்புகளில் ஒன்று "இந்திய விஸ்தரிப்புவாதம்". அதில் மலையகத் தொழிலாளியை இந்தியாவின் கையாள் மாதிரித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுக்காக நாங்கள் கண்ணீர் விட்டிருக்க வேண்டுமா? அதே வருடங்களில்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல். எங்கள் பெரியப்பா மருத்துவபீடத்துக்குப் போக வேண்டியவர், வங்கியில் போய் உட்கார்ந்தார். ஒவ்வொருவருக்கும் அவரவர் காயம்.

---

கொட்டாஞ்சேனை மேரி

வாசன் தம்பி, உங்கள் அப்பா எந்தக் கியூவில் நின்றார் என்று கொப்பியில் இருக்கிறதா? ஏனென்றால் எழுபதுகள் என்றால் எனக்கு முதலில் வருவது வழக்கும் இல்லை, பாட்டும் இல்லை. பாண் கியூ.

விடிய நாலு மணிக்கு அம்மா என்னை எழுப்பி விடுவா. பை ஒன்றைக் கொண்டுபோய் வரிசையில் வைத்து அதற்குக் காவல் இருக்க வேண்டும். கல் வைத்தவர்களும் இருந்தார்கள். கல்லுக்கு மதிப்பில்லை என்று ஒருநாள் பெரிய சண்டை வந்ததால் பிறகு எல்லாரும் பைக்கு மாறினார்கள். 70 தேர்தலில் சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டு வருவோம் என்று மேடையில் சொன்னவர்கள். 73, 74இல் பாணுக்கே இந்தப் பாடு.

அந்தக் கியூவில்தான் நான் "அண்ணை றைட்" முதலில் கேட்டேன். யாரோ ஒரு வீட்டு ஜன்னலில் றேடியோ. கே.எஸ். பாலச்சந்திரன் பஸ் கொண்டக்டராக ஒரே ஆள் நின்று அத்தனை பேரையும் பேசுகிறார். இடியப்பப் பெட்டி கொண்டு வந்த ஒரு மனிசி சிரித்துச் சிரித்துப் பெட்டியையே கீழே போட்டுவிட்டா. சிங்களப் பொடியன் ஒருவன் என்ன சொல்லுகிறார் என்று கேட்டான். நான் மொழிபெயர்த்தேன். அவனும் சிரித்தான். எனக்கு அப்போது வயது 13.

சிரித்தோம், உண்மைதான். ஆனால் கவனிக்காமல் சிரித்தோம் என்று சொல்லாதீர்கள் தம்பி. விடிய நாலு மணிக்குப் பாணுக்கு நிற்கிறவனுக்கு நாடு எப்படிப் போகிறது என்று ஆர் சொல்லிக்கொடுக்க வேணும்?

---

வெள்ளவத்தை வாசன்

மேரி அன்ரி, மன்னியுங்கள். பாண் கணக்கு நிறைய இருக்கிறது. 1974 ஏப்ரலில் "தினபதி இல்லை" என்று மூன்று நாள் தொடர்ந்து எழுதி, நாலாம் நாள் "இனி வீரகேசரி" என்று முடித்திருக்கிறார். கடைக்காரன் போடவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

---

புதுக்கடை ஐயா

கடைக்காரன் இல்லைத் தம்பி. அந்த ஏப்ரலில் அரசு அவசரகால விதியைக் கொண்டு தவச நிறுவனத்தைச் சீல் வைத்தது. சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளோடு தமிழில் தினபதியும் சிந்தாமணியும் அங்கிருந்துதான் வந்தன. 1977 வரை பூட்டுத்தான். அதற்கு முதல் வருடம் 73இல் லேக் ஹவுஸை அரசு எடுத்தது, அதோடு தினகரனும் போனது. மிஞ்சியது ஒன்றிரண்டு.

இன்னொன்று, ஏப்ரல் கிளர்ச்சி பற்றிப் பேசினால் பிரேமாவதி மனம்பேரியை விட முடியாது. கதிர்காமத்துப் பெண். 1969 புத்தாண்டு விழாவில் அழகு ராணி. 1971 ஏப்ரலில் இராணுவம் பிடித்து, உடையில்லாமல் தெருவில் நடத்திச் சுட்டது. அந்த வழக்கு எங்கே நடந்தது தெரியுமா? சாதாரண நீதிமன்றத்தில். ஜூரியோடு, முழுச் சாட்சியச் சட்டத்தோடு, மேன்முறையீட்டு உரிமையோடு. மேலதிகாரி சொன்னதைச் செய்தோம் என்ற வாதம் எடுபடவில்லை. இரண்டு படையாட்களுக்கு 16 வருடம் கடூழியச் சிறை.

அது நல்ல தீர்ப்பு, குறை சொல்ல வரவில்லை. ஆனால் பாருங்கள், சுட்ட படையாளுக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பு பிடிபட்ட மாணவனுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு வழக்கும் ஒரே காலம்.

---

சட்டக்கல்லூரி மூன்றாம் வருடம்

ஐயாவின் பிரக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வருகிறேன். பம்பலப்பிட்டி அண்ணா, ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்டீர்கள் அல்லவா.

ஜே.ஆர். ஜெயவர்தனவின் அரசு 1977இல் வந்தது, நவம்பரில் அந்த ஆணைக்குழுச் சட்டத்தை நீக்கி விஜேவீரவை விடுதலை செய்தது. எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டே வருடம். 1979 ஜூலையில் அதே அரசு பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது, 48ஆம் இலக்கம். அதன் 16ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியாகும். ஜூரி இல்லை. 18 மாதம் வரை தடுப்புக்காவல். மூன்று வருடத்துக்கு மட்டும் என்று சொன்னார்கள், 1982இல் நிரந்தரமாக்கினார்கள்.

1972இல் சிங்களப் பிள்ளைக்காகத் தைத்த சட்டை. கொஞ்சம் அளவு மாற்றித் தமிழ்ப் பிள்ளைக்குப் போட்டார்கள். 1980களின் கடைசியில் திரும்பவும் சிங்களப் பிள்ளைக்கு. 2019க்குப் பிறகு முஸ்லிம் பிள்ளைக்கு. எங்கள் வகுப்பில் பயங்கரவாதத் தடைச் சட்டம் பற்றிய விரிவுரை எப்போதும் 1979இல் தொடங்கும். 1972இல் தொடங்க வேண்டும் என்று நான் ஒருமுறை எழுந்து சொன்னேன். விரிவுரையாளர் "நேரம் போதாது" என்றார்.

---

பம்பலப்பிட்டிப் பொடியன்

சரி, அந்தப் புள்ளியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 72இலேயே தமிழ்த் தலைவர்களுக்கு வேறு பெரிய தலையிடி இருந்தது. மே 22, குடியரசு யாப்பு. சிறுபான்மைக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவு போயிற்று, பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் எம்.பி. பதவி விலகி இடைத்தேர்தலைக் கேட்டார், அதை வைக்கவே 1975 பெப்ரவரி ஆயிற்று. இதையெல்லாம் விட்டுவிட்டு விஜேவீர வழக்கைப் பார்க்கச் சொல்கிறீர்கள்.

இன்னொரு வேடிக்கை. ஆணைக்குழு வைத்து நீதி வழங்கிய சிறிமாவோவின் குடியியல் உரிமைகளை 1980 ஒக்டோபரில் பறித்ததும் ஒரு விசேட ஆணைக்குழுவின் அறிக்கையை வைத்துத்தான். ஏழு வருடத்துக்கு. ஐயாவின் பிரக்டர் சொன்ன கதவு!

---

சட்டக்கல்லூரி மூன்றாம் வருடம்

விட்டுவிட்டுப் பார்க்கச் சொல்லவில்லை அண்ணா, சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். கோடீஸ்வரன் வழக்கை எடுங்கள். அரசாங்க எழுதுவினைஞர், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத மறுத்ததால் சம்பள ஏற்றம் நின்றது. மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார், உயர் நீதிமன்றத்தில் தோற்றார். இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1969இல், அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்குப் போடலாம் என்று சொல்லி, தனிச் சிங்களச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை இங்கேயே திருப்பி அனுப்பியது. 1971இல் பிரிவிக் கவுன்சில் மேன்முறையீடே ஒழிந்தது. 72இல் 29ஆம் பிரிவும் ஒழிந்தது. அந்தக் கேள்விக்கு எந்த நீதிமன்றமும் கடைசி வரை பதில் சொல்லவில்லை.

ஜூரி போனதும் அப்பீல் போனதும் 29 போனதும் எல்லாம் ஒரு பதினெட்டு மாத வேலை. சிங்களவருக்கு ஒன்று, தமிழருக்கு ஒன்று என்று நாங்கள்தான் வேறு வேறு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம்.

---

ஹட்டன் மருமகன்

கொழும்பு அண்ணாமாரே, எங்கள் கொப்பியையும் கொஞ்சம் திறக்கலாமா? நான் இப்போது வத்தளையில் இருந்தாலும் அம்மா வழி டிக்கோயா.

நீங்கள் பாணுக்கு நின்ற 73, 74இல் தோட்டத்தில் பட்டினியில் ஆள் செத்தார்கள். கூட்டிச் சொல்லவில்லை. மா குறைந்தது, வேலை நாள் குறைந்தது, பாட்டி மரவள்ளி இலையை அவித்துத் தின்ற கதை சொல்லுவாள். அவளுடைய தங்கச்சி குடும்பம் மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பலேறிப் போனது. போகும்போது கொடுத்த அம்மிக்குழவி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, அம்மி மட்டும் இல்லை. அதைத் தூக்க முடியாமல் லயத்திலேயே விட்டுவிட்டார்கள்.

1977 மே 11, தலவாக்கலை டெவன் தோட்டம், சிவனு லட்சுமணன். தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்துப் போன கூட்டத்தில் பொலிஸ் சுட்டது. இந்த இழையில் இதுவரை யாருக்கும் அந்தப் பெயர் வரவில்லை, கவனித்தீர்களா?

படம் என்று வந்தால் வி.பி. கணேசன் 1975இல் எடுத்த புதிய காற்று எங்களுக்குப் பெரிய விசயம். தொழிற்சங்கக்காரர் காசு போட்டு, தெளிவத்தை ஜோசப் கதை எழுதி, திரையில் எங்கள் ஆட்கள். மற்றப்படி எங்களுக்கும் எம்.ஜி.ஆர்.தான்.

---

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத்தெரு

எல்லாரும் ஒரே சோகமாக எழுதுகிறீர்கள். அந்தப் பத்து வருடத்தில்தான் இலங்கைத் தமிழன் தனக்கென்று ஒரு பாட்டைக் கண்டுபிடித்தான். இந்தியச் சஞ்சிகையும் படமும் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் குறைந்ததால் வந்த லாபம் அது. வீரகேசரிப் பிரசுரம் மாதாமாதம் உள்ளூர் நாவல் போட்டது, கடையில் வாங்க ஆள் இருந்தது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன். பைலாத் தாளத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சு. கலியாண வீட்டில் கிழவிகளும் ஆடினார்கள். சுராங்கனியில் சிங்களமும் தமிழும் ஒரே வரியில் வரும். இரண்டு சாதியும் சேர்ந்து ஆடிய பாட்டு அது ஒன்றுதான்.

---

பம்பலப்பிட்டிப் பொடியன்

சேர்ந்து ஆடினோம், சரி. தரப்படுத்தலில் வென்றவனும் தோற்றவனும் சேர்ந்து ஆடினான். அடுத்த நாள் அவன் கம்பஸுக்குப் போனான், இவன் வங்கிக்குப் போனான். பாட்டு என்ன செய்தது?

---

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத்தெரு

பாட்டு ஆட வைத்தது. அதுதான் பாட்டின் வேலை. வழக்குப் பேச வேறு ஆள் இருக்கிறார்கள்.

---

மட்டுறுத்துநர்

இரண்டாம் குறுக்குத்தெரு, பம்பலப்பிட்டி இருவரும் பெரியப்பா கதையைத் தனி இழையில் தொடரவும். நடுவில் வந்த நாலு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யாருடைய பெரியப்பா எத்தனை புள்ளி எடுத்தார் என்பது பொது விவாதத்துக்குத் தேவையில்லை.

---

புதுக்கடை ஐயா

வழக்குப் பேசியவர்களைப் பற்றிச் சொல்லத்தான் திரும்ப வந்தேன்.

1976 மே. தனித் தமிழீழம் கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம் முடிந்து ஒரு கிழமை. குடியரசு தினத்தில் துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காக அமிர்தலிங்கத்தையும் இன்னும் மூன்று தலைவர்களையும் பிடித்து, கொழும்பில் ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் முன் நிறுத்தினார்கள். அறுபதுக்கு மேற்பட்ட தமிழ்ச் சட்டத்தரணிகள் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக எழும்பி நின்றார்கள். முன் வரிசையில் ஜீ.ஜீ. பொன்னம்பலமும் எம். திருச்செல்வமும். வாழ்நாள் முழுக்க எதிரும் புதிருமாக நின்ற ஜீ.ஜீ.யையும் செல்வநாயகத்தையும் ஒரே பக்கத்தில் பார்த்தேன். செல்வநாயகத்தின் குரல் பக்கத்தில் நிற்கிறவருக்கே சரியாகக் கேட்காது, நோய் அப்படி. ஜீ.ஜீ. பேசினால் வராந்தா வரை கேட்கும். நான் வராந்தாவில்தான் நின்றேன், உள்ளே இடமில்லை.

அந்த நீதிமன்றம் அவசரகால விதிகள் செல்லாது என்று சொல்லி விட்டது. உயர் நீதிமன்றம் அதை மாற்றினாலும் அரசு வழக்கைத் தொடரவில்லை. ஆனால் வென்ற சந்தோசம் நிற்கவில்லை. நவம்பரில் திருச்செல்வம், பெப்ரவரியில் ஜீ.ஜீ., ஏப்ரலில் செல்வநாயகம். ஆறு மாதத்துக்குள் மூன்று பேரும் போய்விட்டார்கள்.

இதைச் சொல்லக் காரணம், எங்கள் பிரக்டரும் அன்று கறுப்புக் கோட்டோடு போனவர். திரும்பி வரும்போது, "அந்தச் சிங்களப் பிள்ளைகளுக்கு இப்பிடி அறுபது பேர் போகேல்லை. நானும் போகேல்லை" என்றார். தொழிற்சங்கத் தலைவர் பாலா தம்பு போன்ற ஒரு சிலர்தான் அவர்கள் பக்கம் நின்றவர்கள். வாசன் தம்பி, உங்கள் அப்பா அந்த ஒரு வரியை ஏன் எழுதினார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பிரக்டருக்கு உறுத்தியது இதுதான்.

---

கொட்டாஞ்சேனை மேரி

ஐயா எழுதியதைப் படித்து அப்படியே இருந்துவிட்டேன்.

தம்பி, கொப்பியில் 1977 ஓகஸ்ட் பக்கம் இருந்தால் பார்த்துச் சொல்லுங்கோ. தேர்தல் முடிந்து ஒரு மாதம் கூட இல்லை, தமிழரை அடித்தார்கள். நாங்கள் தேவாலயத்தில் போய் இருந்தோம். ஒன்பது நாள். ஒரு பெரிய கிடாரம் கஞ்சி, அதற்கும் கியூ. அங்கே ஆரும் றேடியோ போடவில்லை, தமிழில் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று.

---

சட்டக்கல்லூரி மூன்றாம் வருடம்

அதற்கு சன்சோனி ஆணைக்குழு போட்டார்கள், முன்னாள் பிரதம நீதியரசர். அறிக்கை 1980இல் வந்தது, நட்டஈடும் சிபாரிசு செய்தது. 1982இல் பாராளுமன்றம் நட்டோத்தரவாதச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது: 1977 ஓகஸ்ட் 1 முதல் 31 வரை ஒழுங்கைக் காப்பதற்கென்று நல்லெண்ணத்தோடு அதிகாரிகள் செய்தவற்றுக்கு வழக்குப் போட முடியாது. ஒரு மாதத்தையே சட்டம் போட்டு மூடினார்கள். மேரி அன்ரி, உங்கள் ஒன்பது நாளும் அதற்குள்தான்.

---

வெள்ளவத்தை வாசன்

பார்த்தேன் அன்ரி.

ஓகஸ்ட் 17 வரை வழக்கம் போல் பாட்டுகள். 18இல் பாட்டு இல்லை. "றேடியோ, தையல் மெசின், பித்தளைக் குடம் 2, சில்வா வீட்டில்" என்று மட்டும் இருக்கிறது. சில்வா மாமா எங்கள் மேல்மாடி. அதற்குப் பிறகு வெறும் பக்கங்கள். அப்பா பக்கத்தை வீணாக்காத மனிசன், இங்கே மட்டும் ஐந்து பக்கம் வெள்ளையாக விட்டிருக்கிறார்.

செப்டெம்பர் 11: "றேடியோ வந்தது. குடம் 1. முள் சிங்கள சேவையில் நிற்கிறது, சில்வா வீட்டுப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள்."

கீழே அன்றைக்குப் போன பாட்டு. மை ஊறிவிட்டது, முதல் சொல்லை மட்டும்தான் வாசிக்க முடிகிறது. பொப் பாட்டுப் போலத்தான் இருக்கிறது. வெளிச்சத்தில் படம் எடுத்து நாளைக்குப் போடுகிறேன், யாராவது கண்டுபிடிக்கிறீர்களா பார்ப்போம்.